விதிகள் லாபத்தைக் குறைக்கின்றனவா? கோத்தகிரி வாசகருக்கு ஒரு பதில்

வாசகர் கடிதம், சுருக்கமாக:

"எனக்கு வயது 63. கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் கிராமத்தில்) இருக்கிறோம். தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஐந்து ஏக்கர் தோட்டத்தில் மூன்று ஏக்கரைச் சென்ற ஆண்டு விற்றோம். கடனெல்லாம் அடைத்த பிறகு கையில் 1 கோடியே 40 லட்சம் ரூபாய் இருக்கிறது. மகள் திருமணம் இரண்டு ஆண்டுக்குள் முடிக்க வேண்டும். எங்கள் வங்கியிலிருந்து கோயம்புத்தூர் அதிகாரி ஒருவர் வந்து, 'மூன்றாம் வகை ஏஐஎஃப்' என்னும் ஹெட்ஜ் ஃபண்டில் 1 கோடி போடச் சொல்கிறார். நியூ ஜெர்சியில் இருக்கும் என் மைத்துனர் மகனோ, 'இந்தியாவில் செபி (பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு வாரியம்) கையைக் கட்டிப் போட்டிருக்கிறது, ஹெட்ஜ் ஃபண்டுக்கு விதி கூடக் கூட லாபம் குறையும், அமெரிக்காதான் சரி' என்கிறான். இதற்கு நடுவில் மேட்டுப்பாளையத்துக்காரர் ஒருவர், 'நாங்கள் செபியில் பதிவே செய்யவில்லை, அதனால்தான் மாதம் 3 சதவீதம் தர முடிகிறது' என்கிறார். அவரிடம் 2 லட்சம் கொடுத்து, ஐந்து மாதமாகத் தவறாமல் 6,000 ரூபாய் வருகிறது. வீட்டுக்காரிக்கு இது தெரியாது. விதிகள் உண்மையிலேயே லாபத்தைக் குறைக்கின்றனவா? நான் எதில் போடுவது?"

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தில் மூன்று பேர் பேசுகிறார்கள். அவர்களில் இருவர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: விதி இருந்தால் லாபம் குறையும். அதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதியை மறைத்துவிட்டு உங்களுக்குப் பதில் எழுதினால், அடுத்த முறை அவர்கள் வரும்போது என் பேச்சு எடுபடாது. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

ஹெட்ஜ் என்றால் வேலி. 1949-இல் நியூயார்க்கில் ஆல்ஃப்ரெட் வின்ஸ்லோ ஜோன்ஸ் என்பவர் 1 லட்சம் டாலரோடு தொடங்கியதுதான் முதல் ஹெட்ஜ் ஃபண்ட் என்று சொல்வது வழக்கம். உயரும் என்று நினைத்த பங்குகளை வாங்கினார். விழும் என்று நினைத்த பங்குகளைப் பிறரிடம் கடனாக வாங்கி விற்றார்; விலை விழுந்தபின் மலிவாக வாங்கித் திருப்பிக் கொடுத்தால் வித்தியாசம் லாபம். சந்தை மொத்தமாகச் சரிந்தாலும் இரண்டாவது பக்கம் முதல் பக்கத்துக்கு வேலியாக நிற்கும் என்பது கணக்கு. கூடவே கடன் வாங்கியும் முதலீடு செய்தார். பொதுமக்களிடம் பணம் திரட்டும் நிதிகளுக்கு 1940-இல் அமெரிக்கா போட்ட சட்டம் இந்த இரண்டையும் எளிதில் விடாது. ஆகவே பொதுமக்களிடம் போகாமல், சில பேரை மட்டும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டார். ஹெட்ஜ் ஃபண்ட் என்பதே விதிக்கு வெளியே கிடந்த இடத்தில் முளைத்த பயிர். விதி அந்த இடத்தை நெருங்கும்போதெல்லாம் லாபம் போச்சு என்று குரல் எழுவது இதனால்தான்.

அந்தக் குரலுக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2008 செப்டம்பரில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 799 நிதித்துறைப் பங்குகளைக் கடன் வாங்கி விற்பதற்கு ஒரே இரவில் தடை போட்டது. பங்காக மாற்றக்கூடிய கடன் பத்திரத்தை வாங்கி, அதே நிறுவனத்தின் பங்கை விற்று, நடுவில் உள்ள வித்தியாசத்தில் பிழைக்கும் ஃபண்டுகள் அன்று கை உடைந்தன. பத்திரம் கையில்; வேலி போட வழியில்லை. அந்தத் தடை சந்தைக்கும் நல்லது செய்யவில்லை, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே இடைவெளி அகன்றதுதான் மிச்சம் என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. அவசரத்தில் போட்ட மோசமான விதி அது என்பதே என் கருத்தும். ஐரோப்பாவில் பொதுமக்களுக்கு விற்கும் நிதிகளுக்கு யூசிட்ஸ் என்று ஒரு கட்டுப்பாடான சட்டகம் உண்டு. அதற்குள் ஓடும் ஹெட்ஜ் ஃபண்டுகளையும் வெளியே ஓடுபவற்றையும் ஒப்பிட்டவர்கள், அபாயத்தைக் கணக்கில் எடுத்த பிறகும் உள்ளே இருப்பவை குறைவாகவே ஈட்டின என்று கண்டார்கள். ஆனால் உள்ளே இருப்பவற்றிலிருந்து பணத்தை எளிதாக வெளியே எடுக்க முடிந்தது.

ஆக, விதிக்கு ஒரு விலை உண்டு. யாருக்கு, எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

நம் ஊர் விதிகளுக்கு வருகிறேன். செபியின் மாற்று முதலீட்டு நிதி (ஏஐஎஃப்) விதிமுறைகள் 2012 மே மாதம் வந்தன. மூன்று வகையில் மூன்றாவதுதான் நம் ஊர் ஹெட்ஜ் ஃபண்ட். ஒருவர் குறைந்தது 1 கோடி போட வேண்டும். ஒரு திட்டத்தில் 1,000 பேருக்கு மேல் சேர்க்கக் கூடாது. ஒரே நிறுவனத்தில் 10 சதவீதத்துக்கு மேல் போடக் கூடாது. நடத்துபவரும் நிதியின் மொத்தத் தொகையில் 5 சதவீதமோ 10 கோடியோ, எது குறைவோ அந்த அளவுக்குத் தன் பணத்தை உள்ளே வைத்திருக்க வேண்டும். பங்குகளையும் பத்திரங்களையும் தன் பீரோவில் வைத்துக்கொள்ள முடியாது. தனிக் காப்பாளர் நிறுவனத்திடம் கொடுத்துவிட வேண்டும். கடனும் ஊக ஒப்பந்தங்களும் சேர்ந்த மொத்தச் சுமை, நிதியின் மதிப்பைப் போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது.

உங்கள் மைத்துனர் மகன் 'கையைக் கட்டிப் போட்டது' என்று சொல்வது இந்தக் கடைசி வரியைத்தான். இரண்டு மடங்குக்குப் பதில் 25 மடங்கு இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்துக்கே தெரிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. லாங் டேர்ம் கேபிடல் மேனேஜ்மென்ட் என்ற அமெரிக்க ஃபண்ட் 1994-இல் தொடங்கியது. நடத்தியவர் ஜான் மெரிவெதர். பொருளாதார நோபல் வாங்கிய மைரன் ஷோல்ஸும் ராபர்ட் மெர்டனும் கூட்டாளிகள். கட்டணம் போக 1995-இல் 43 சதவீதம், 1996-இல் 41 சதவீதம் கொடுத்தார்கள். அப்போது யாராவது, இவ்வளவு கடன் கூடாது என்று விதி போட்டிருந்தால், 'லாபத்தைக் கெடுத்த விதி' என்றுதான் பெயர் வாங்கியிருக்கும். 1998 தொடக்கத்தில் அவர்களுடைய சொந்த முதல் ஒவ்வொரு டாலருக்கும் சுமார் 25 டாலர் கடன். 25 மடங்கில் உங்கள் கணிப்பு 4 சதவீதம் தவறினாலே முதல் முழுவதும் போய்விடும். ரஷ்யா கடன் தவறிய அந்த ஆகஸ்ட், செப்டம்பரில் அதுதான் நடந்தது. சில மாதங்களில் சுமார் 460 கோடி டாலர் கரைந்தது. 14 வங்கிகளும் தரகு நிறுவனங்களும் கூடி 360 கோடி டாலருக்கு மேல் போட்டு, மற்றவர்களும் விழாமல் பார்த்துக்கொண்டன.

அதே 4 சதவீதத் தவறு, இரண்டு மடங்கு வரம்புள்ள நம் ஊர் நிதியில் 8 சதவீத நஷ்டம். வலிக்கும், ஆள் எழுந்து நிற்பார். செபியின் விதி உங்களிடமிருந்து 43 சதவீத லாபம் தரும் ஆண்டுகளை எடுத்துக்கொள்கிறது, 1998-ஐயும் எடுத்துக்கொள்கிறது. ஆண்டுக் கணக்கை மட்டும் பார்ப்பவருக்கு முதலாவது தெரியும், இரண்டாவது தெரியாது.

அடுத்ததாக நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். விதி லாபத்தைக் குறைக்கிறதா என்று பேசும்போது பலரும் தாண்டிப் போகும் இடம் இது.

லாபம் எவ்வளவு என்பதை யார் எண்ணுகிறார்கள்? தொழிற்சாலையில் இருந்தவர் நீங்கள், இது உங்களுக்குத் தெரியும். மழைநாளில் கொழுந்து எடை போடும்போது ஈரத்துக்கு எவ்வளவு கழிப்பது என்பது தராசைப் பிடிப்பவர் கையில் இருந்தால், விவசாயிக்கு ஒரு கணக்கும் தொழிற்சாலைக்கு ஒரு கணக்கும் வரும். பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதாமாதம் சராசரி விலை அறிவிக்கிறது. அந்த விலை போதாது என்று நாம் எத்தனையோ முறை தெருவில் உட்கார்ந்திருக்கிறோம். ஆனாலும், இந்த மாதம் இதுதான் விலை என்று வெளியாள் ஒருவர் சொல்வதால்தான் எவ்வளவு குறைத்தார்கள் என்று கேட்கவாவது முடிகிறது.

ஹெட்ஜ் ஃபண்டிலும் அதே கதை. எளிதில் விற்க முடியாத பத்திரங்களுக்கு இன்று என்ன மதிப்பு என்று நடத்துபவரே முடிவு செய்யும் காலம் நெடுநாள் இருந்தது. நிக்கோலஸ் போலன், வெரோனிகா பூல் என்னும் இரு பேராசிரியர்கள் ஆயிரக்கணக்கான ஃபண்டுகளின் மாதக் கணக்கை அடுக்கிப் பார்த்து 2009-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சிறிய லாபம் காட்டிய மாதங்கள் ஏராளம். சிறிய நஷ்டம் காட்டிய மாதங்கள் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே விழ வேண்டியவை, சற்று மேலே ஏற்றி எழுதப்பட்டிருந்தன. இன்னொன்றும் கண்டார்கள்: தணிக்கை முடியும் மாதங்களில் இந்தப் பள்ளம் காணாமல் போனது. தணிக்கையாளர் வாசலுக்கு வந்ததும் சிறு நஷ்டங்கள் தம் இடத்துக்குத் திரும்பிவிட்டன.

விதி வந்தபின் லாபம் குறைந்ததாகக் காட்டும் கணக்குகளில் ஒரு பகுதி இப்படிப்பட்டது. காணாமல் போன அந்த லாபம் முன்பும் இருந்ததில்லை. மேலும், ஹெட்ஜ் ஃபண்ட் சராசரி என்று வெளிநாடுகளில் சொல்லப்படும் எண்கள், ஃபண்டுகள் தாமாக முன்வந்து கொடுத்த கணக்கிலிருந்து வருபவை. நன்றாகப் போகும்போது கொடுப்பார்கள், சரிந்தால் நிறுத்திக்கொள்வார்கள். இந்தியாவில் 2020-இலிருந்து ஏஐஎஃப்கள் தங்கள் வருமானத்தை ஒரு பொது அளவுகோலோடு ஒப்பிடும் முகமைகளுக்குக் கணக்கைக் கொடுத்தே ஆக வேண்டும். விருப்பம் போல நிறுத்த முடியாது.

அமெரிக்கா சுதந்திர பூமி என்பதும் இப்போது பழைய கதை. 2010-இன் டாட்-ஃபிராங்க் சட்டத்துக்குப் பிறகு 15 கோடி டாலருக்கு மேல் தனியார் நிதிகளை நடத்தும் ஆலோசகர்கள் பதிவு செய்ய வேண்டும். எவ்வளவு கடன், யாரிடம் கடன் என்று அரசுக்குப் படிவம் கொடுக்க வேண்டும். குடும்பச் சொத்தை மட்டும் நிர்வகிக்கும் அலுவலகங்களுக்கு அதில் விலக்கு கொடுத்தார்கள். அந்த விலக்குக்குள் உட்கார்ந்திருந்த ஆர்க்கெகோஸ் என்ற அலுவலகம் 2021 மார்ச்சில் வெடித்தது. கடன் கொடுத்த கிரெடிட் சுவிஸ் வங்கிக்கு மட்டும் 550 கோடி டாலர் நஷ்டம்.

பதிவு இருந்தால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். பெர்னார்ட் மேடாஃப் என்ற அமெரிக்க நிதி மோசடிக்காரர் 2006-இல் முதலீட்டு ஆலோசகராகப் பதிவு செய்தார். 2008 டிசம்பரில் கைதாகும்வரை மோசடி ஓடியது. வாடிக்கையாளர்களின் கணக்குத்தாளில் எழுதியிருந்த சுமார் 6,500 கோடி டாலரில் பெரும்பகுதி கற்பனை. அவருடைய வாடிக்கையாளர்களின் பத்திரங்களை வைத்திருந்ததாகச் சொன்னது அவருடைய சொந்தத் தரகு நிறுவனம். கணக்கைத் தணிக்கை செய்தது ஒரு சின்னஞ்சிறு அலுவலகம். பணத்தை ஆள்பவர் வேறு, காப்பவர் வேறு, எண்ணிப் பார்ப்பவர் வேறு என்று இருக்கிறதா? எந்த நிதியாக இருந்தாலும் நான் முதலில் தேடுவது இதைத்தான். பதிவு எண் அதற்குப் பிறகு.

மைத்துனர் மகனிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். 2008 தொடங்கி பத்து ஆண்டுகளுக்கு வாரன் பஃபெட் என்ற அமெரிக்கப் பெரும் முதலீட்டாளர் ஒரு பந்தயம் கட்டினார். அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களைக் கொண்ட சாதாரண குறியீட்டு நிதி ஒரு பக்கம். தேர்ந்தெடுத்த ஹெட்ஜ் ஃபண்டுகளில் பணத்தைப் பிரித்துப் போடும் ஐந்து நிதிகள் மறுபக்கம். 2017 முடிவில் குறியீட்டு நிதி 125.8 சதவீதம் ஏறியிருந்தது. ஐந்தில் சிறந்தது 87.7, கடைசி 2.8. முதல் சில ஆண்டுகள் விதிகள் தளர்வாக இருந்த நாட்டில்தான் இந்தக் கணக்கு. கட்டணம் தின்றதை விதியின் மேல் போட முடியாது. தவிர, அங்குள்ள பெரிய ஃபண்டுகள் பல, 50 லட்சம் டாலர் முதலீடு வைத்திருப்பவரைத்தான் வாசலுக்குள் விடுகின்றன.

இப்போது உங்கள் வங்கி அதிகாரி காட்டிய தாள். கடிதத்தோடு அனுப்பிய நகலைப் பார்த்தேன். 15 சதவீதம் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. கீழே சிறிய எழுத்தில், கட்டணத்துக்கும் வரிக்கும் முன் என்று இருக்கிறது. இதைப் பிரித்துப் பார்ப்போம்.

1 கோடிக்கு 15 சதவீதம், 15 லட்சம். நிர்வாகக் கட்டணம் 2 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி: 2 லட்சத்து 36 ஆயிரம் போகும். மிச்சம் 12 லட்சத்து 64 ஆயிரம். 8 சதவீதத்துக்கு மேல் வரும் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவர்களுக்கு என்று போட்டிருக்கிறது. ஜிஎஸ்டியோடு அது ஏறக்குறைய 1 லட்சத்து 10 ஆயிரம். மிச்சம் 11 லட்சத்து 54 ஆயிரம். இந்தத் திட்டம் பெரும்பாலும் ஃபியூச்சர், ஆப்ஷன் என்னும் ஊக ஒப்பந்தங்களில் ஈட்டுவது. அது வியாபார வருமானம். மூன்றாம் வகை நிதிக்கு வரியை முதலீட்டாளர் தலைக்கு மாற்றிவிடும் வசதி இல்லை. நிதியே உச்ச வரி கட்ட வேண்டும்: 30 சதவீதம், அதன் மேல் கூடுதல் வரி, அதன் மேல் செஸ். 40 சதவீதத்தை ஒட்டி வரும். நாலரை லட்சத்துக்குக் குறையாமல் அங்கே போகிறது. உங்கள் கைக்கு 7 லட்சம் சொச்சம். அதாவது 7 சதவீதம், அதுவும் அவர்கள் சொன்ன 15 அப்படியே வந்தால். பங்கை வாங்கி ஓராண்டுக்கு மேல் வைத்து விற்கும் திட்டமாக இருந்தால் வரி இவ்வளவு கடிக்காது. 2024 ஜூலைக்குப் பிறகு நீண்டகால லாபத்துக்கு அடிப்படை வரி 12.5 சதவீதம்தான். உங்களிடம் நீட்டியது அந்த மாதிரித் திட்டம் அல்ல.

இதே சந்தையில் இயங்கும் மியூச்சுவல் ஃபண்ட் தன் லாபத்துக்கு வரி கட்டுவதில்லை. நீங்கள் விற்று எடுக்கும்போது மட்டும் நீங்கள் கட்டுகிறீர்கள். ஆக, இந்திய ஹெட்ஜ் ஃபண்டின் வருமானத்தை அதிகம் குறைப்பது செபியின் கடன் வரம்பு என்று நான் நினைக்கவில்லை. வருமான வரிச் சட்டமும் கட்டணமும்தான். இந்த வரி முறை மாற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரே வேலையைச் செய்யும் இரண்டு நிதிகளுக்கு இரண்டு விதமான வரி நியாயமில்லை. ஆனால் சட்டம் மாறும்வரை உங்கள் பணம் இன்றைய சட்டத்தில்தான் வாழ வேண்டும்.

அந்த அதிகாரி கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. இந்த வகை நிதியை விற்பவருக்கு முன்னாலேயே மொத்தமாகக் கமிஷன் கொடுப்பதை 2023 மே மாதத்திலிருந்து செபி நிறுத்திவிட்டது. இப்போது நீங்கள் உள்ளே இருக்கும்வரை ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்கலாம். விற்றுவிட்டு ஓடிப்போகும் அவசரத்தை அது குறைத்தது. விற்கும் ஆசையைக் குறைக்கவில்லை. இடையில் ஆளில்லாமல் நேரடியாகச் சேரும் வழியும் இருக்க வேண்டும் என்று அதே ஆணை சொல்கிறது. அதைப் பற்றி அவர் உங்களிடம் சொன்னாரா என்று கேளுங்கள்.

ஒரு கோடி என்ற வாசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். இது கௌரவமான இடம், எல்லோருக்கும் கிடைக்காது என்று அவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வரம்பை வைத்ததன் பொருள் வேறு. இதில் ஒரு கோடி போடுபவர் அதை இழந்தாலும் அடுப்பு எரியும் நிலையில் இருப்பார், அதனால் சாதாரண மியூச்சுவல் ஃபண்டுக்கு வைக்கும் கடுமையான கட்டுப்பாடு அவருக்குத் தேவையில்லை என்று சட்டம் அனுமானிக்கிறது. உங்களிடம் இருப்பது 1 கோடியே 40 லட்சம். அதில் 1 கோடி என்பது நூற்றுக்கு 71 பங்கு. மகள் திருமணம், மிச்சமுள்ள இரண்டு ஏக்கரின் கவாத்துச் செலவு, நீங்கள் எழுதியிருக்கும் உங்கள் மனைவியின் சர்க்கரை மருந்து, எல்லாம் மீதி 40 லட்சத்தில். சட்டம் மனதில் வைத்திருக்கும் ஆள் நீங்கள் அல்ல, ஐயா. வேண்டாம் என்பதே என் பதில்.

வேறு என்ன செய்வது என்பதை முழு விவரம் பார்க்காமல் தாளில் எழுத முடியாது; ஆனால் வரிசை சொல்ல முடியும். திருமணப் பணம் பங்குச் சந்தை வாசலையே பார்க்க வேண்டாம். இரண்டு மூன்று வங்கிகளில் வைப்புத்தொகையாகப் பிரித்துப் போடுங்கள். ஒரு வங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் வரைதான் காப்பீடு. மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் உங்கள் பெயரில் 30 லட்சம் வரை போடலாம். உங்கள் மனைவிக்கு 60 நிரம்பியிருந்தால் அவர் பெயரிலும் அதே அளவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி வரும், தேயிலை விலை விழும் மாதங்களில் அது கை கொடுக்கும். பத்து ஆண்டு தொடாமல் இருக்கக்கூடியது என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து முடிவு செய்யும் பகுதி மட்டும், குறைந்த கட்டணக் குறியீட்டு நிதியில், தவணை தவணையாக. நில விற்பனைக்கு வரி உண்டா இல்லையா என்பது நகராட்சி எல்லையிலிருந்து உங்கள் நிலம் எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது; ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வேலி போட்ட முதலீடு எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் வேண்டும் என்றால், 2025 ஏப்ரலிலிருந்து எஸ்ஐஎஃப் (சிறப்பு முதலீட்டு நிதி) என்று ஒரு புது வகை நடைமுறைக்கு வந்திருக்கிறது. மியூச்சுவல் ஃபண்ட் நிறுவனங்களே நடத்துபவை. குறைந்தது 10 லட்சம். விழும் என்று பந்தயம் கட்டுவது நிதியின் கால் பங்கு வரை. வரியும் மியூச்சுவல் ஃபண்ட் மாதிரிதான். ஹெட்ஜ் ஃபண்டின் சில உத்திகளை விதிக்குள் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்பதற்கு இது நம் கண்முன் நடக்கும் சோதனை. இன்னும் இளசு. ஒரு பெரிய சரிவைப் பார்த்து அது எப்படி நிற்கிறது என்று தெரியட்டும், அதன்பின் பேசலாம்.

கடைசியாக மேட்டுப்பாளையத்துக்காரர். இதை எழுதும்போது எனக்கு மனசு பதைக்கிறது.

என் அப்பா குன்னூர் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தார். 1990-களின் நடுவில் ஓய்வு பெற்றபோது வந்த பி.எஃப். பணத்தை, ஆண்டுக்கு 24 சதவீதம் தருவதாகச் சொன்ன ஒரு நிதி நிறுவனத்தில் போட்டார். ஒன்றரை ஆண்டு வட்டி வந்தது. முதல் தேதி தவறாமல் வந்தது. அதனால்தான் சித்தப்பாவையும் சேர்த்துவிட்டார். ஒரு நாள் காலையில் போனபோது பூட்டிய கதவுக்கு முன்னால் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். அன்று அவர் வீட்டுக்கு வந்து எதுவும் பேசாமல் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அப்படி ஊர் ஊராக ஆயிரக்கணக்கானோர் அழுத பிறகுதான் 1997-இல் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்பாவுக்கு அது உதவவில்லை. நான் இந்த நிதி ஆலோசனைத் தொழிலுக்கு வந்ததற்குக் காரணம் அந்தக் கொல்லைப்புறம்தான்.

மாதம் 3 சதவீதம் என்றால் வட்டிக்கு வட்டி சேர்த்து ஆண்டுக்கு 42 சதவீதத்துக்கு மேல். இன்று போடும் 1 லட்சம் பத்து ஆண்டில் 34 லட்சத்தைத் தாண்டும். நோபல் வாங்கியவர்கள் 25 மடங்கு கடனோடு இரண்டு ஆண்டு காட்டிய எண் அது. 1997-இல் 17-க்கு இறங்கி, 1998-இல் மூழ்கியது. பதிவு இல்லாததால் செலவு மிச்சம், அதைத்தான் உங்களுக்குத் தருகிறோம் என்கிறாராம். காப்பாளருக்கும் தணிக்கைக்கும் ஆகும் செலவு ஒரு நிதியின் அளவில் மிகச் சிறிய பங்கு. அதை மிச்சம் பிடித்து நூற்றுக்கு ஆண்டுக்கு 36 ரூபாய் வட்டி தர முடியாது. உங்களுக்கு வரும் 6,000, உங்கள் 2 லட்சத்திலிருந்தோ அடுத்த ஹட்டிக்காரர் கொடுத்ததிலிருந்தோதான் வருகிறது என்று வைத்துக்கொண்டு செயல்படுங்கள். ஐந்து மாதத்தில் 30,000 வந்திருக்கிறது; 1,70,000 இன்னும் அவர் கையில்.

இனி ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். யாரையும் சேர்த்துவிடாதீர்கள், சேர்த்துவிட்டவரையும் காவல்துறை கேள்வி கேட்கும். 2 லட்சத்தையும் திருப்பித் தரும்படி இந்த வாரமே பதிவுத் தபாலில் கேளுங்கள். கொடுத்தது வங்கி வழியாகவா கையிலா, ரசீது என்ன, வாட்ஸ்அப்பில் என்ன எழுதினார், எல்லாவற்றையும் நகலெடுத்து வையுங்கள். இழுத்தடித்தால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அங்கே பணம் குறைந்துகொண்டே போகும். அவர் உங்களிடம் ஏதாவது பதிவு எண் காட்டினால், செபி இணையதளத்தில் தேடுங்கள். மூன்றாம் வகை நிதியின் எண் IN/AIF3 என்று தொடங்கும். பதிவு பெற்ற நிதி எதுவும் 2 லட்சம் வாங்கிக்கொண்டு மூன்றாம் வகையில் உங்களைச் சேர்க்கவே முடியாது.

இதற்கெல்லாம் முன்னால், இன்று ராத்திரி சாப்பிட்ட பிறகு, உங்கள் மனைவியிடம் அந்த 2 லட்சத்தைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். நிலத்தை விற்ற பத்திரத்தில் அவரும்தானே கையெழுத்துப் போட்டார். பிறகு இருவருமாக ஒரு நாள் குன்னூருக்கு வாருங்கள். வங்கிக் கணக்குத்தாள், அதிகாரி கொடுத்த விளக்கத்தாள், மருந்துச் சீட்டு மூன்றையும் எடுத்துவாருங்கள்.